பக்கத்து இருக்கையின் தேய்மானம்

ஓட்டுநர் இருக்கை புதிதுபோல இருந்தது. தேய்ந்திருந்தது பக்கத்து இருக்கை.

மருந்துக்கடைக்காரர் ஷெட்டின் இரும்புக் கதவை மேலே தள்ளிவிட்டு, "நிதானமாப் பாருங்க, அவசரமில்ல" என்று ஒதுங்கி நின்றார். பழைய தோலும் பெட்ரோலும் கலந்த வாடை முகத்தில் வந்து மோதியது. தூசி மிதந்த வெளிச்சத்தில் நீளமான மூக்கும், தாழ்ந்த கூரையும், மங்கிய அடர் பச்சை நிறமும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட, ஒன்பது வருடங்களாகத் தேடிய வண்டி இதுதான் என்று அவனுக்கு உறுதியாகிவிட்டது. இரண்டு கதவு, இரண்டே இருக்கை. பானெட்டைத் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்திருந்தது. நல்ல விஷயம். வருகிறவர் முன்னால் சுலபமாக ஸ்டார்ட் ஆக வேண்டும் என்று முன்கூட்டியே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிற ஆட்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான்.

பிறகுதான் குனிந்து உள்ளே பார்த்தான். பக்கத்து இருக்கையின் நடுவே ஒரு பள்ளம். தோல் விரிசல் விட்டு, ஓரங்கள் வழுவழுவென்று கறுத்து, முதுகுப் பக்கத்தில் இரண்டு தோள்பட்டைகள் பதிந்த தடம் தெரிந்தது. கீழே மிதியடியில் இரண்டு குதிகால்கள் தேய்த்த ஓட்டை.

"பக்கத்துல யாரு உக்காருவாங்க?" என்று கேட்டான்.

"யாருமில்லீங்க. நான் தனி ஆள்தான்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

பழைய வண்டி விற்பவர்களின் தில்லுமுல்லு அவனுக்கு அத்துப்படி. ஓட்டுநர் இருக்கை நைந்துபோனால் இரண்டையும் இடம் மாற்றிப் பொருத்திவிடுவார்கள். அதுதான் நடந்திருக்கும் என்று சிரித்துக்கொண்டே, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இருக்கையின் அடியில் பார்த்தான். இருக்கை முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டில் குத்தியிருந்த எண்கள் சரியாக இருந்தன. எதுவும் இடம் மாறவில்லை. போல்ட்டுகளின் மேல் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்கூட உரியவில்லை. அந்த இருக்கை பிறந்த நாளிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறது, யாரோ அதில் உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கிறார்கள்.

வேறொருவன் என்றால் அங்கேயே ஒரு நிமிடம் யோசித்திருப்பான். ஒன்பது வருடம் தேடின பித்து இவன் கண்ணை மறைத்தது.

இது அவனுடைய நான்காவது வண்டி. முதல் வண்டி மாமாவிடமிருந்து கைமாறிய ஓட்டைப் பெட்டி. காலால் உதைத்தால்தான் கதவு மூடும், அதற்கு எருமை என்று பெயர். இரண்டாவது, மழை பெய்தால் உள்ளே கணுக்கால் வரை தண்ணீர் நிற்கும் தவளை. மூன்றாவது, மனைவி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த நான்கு கதவு வண்டி. அதற்கு அவன் வைத்த பெயர் சம்சாரி. ஆஸ்பத்திரியிலிருந்து மகளைக் கொண்டுவந்தது சம்சாரியில்தான். அன்று பதினைந்து நிமிடத் தூரத்தை முக்கால் மணி நேரம் ஓட்டினான்.

அந்த மகளுக்கு இப்போது எட்டு வயது. மேல்வரிசையில் ஒரு பல் விழுந்து இன்னும் முளைக்கவில்லை. அவன் வண்டி பார்க்கப் போகிற இடங்களுக்கெல்லாம் கூடவே வந்து, காதைத் தீட்டிக்கொண்டு இன்ஜின் சத்தம் கேட்டு, "அப்பா, இதுக்குச் சளி புடிச்சிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒன்பது வருடங்களில் பதினோரு வண்டிகளைத் தட்டிக்கழித்திருந்தான். ஒன்றில் சேஸிஸ் எண்ணை அரம் வைத்து ராவியிருந்தார்கள். ஒன்றில் அடித்தளம் துருப்பிடித்து, உட்கார்ந்தால் ரோடு தெரிந்தது.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடிகூட நீங்க இவ்வளவு விசாரிக்கல" என்பாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். பச்சை வண்டி வீட்டுக்கு வந்த அன்று கதவைத் திறந்து தலையை மட்டும் உள்ளே நீட்டியவள், உடனே பின்வாங்கினாள்.

"என்னங்க, உள்ள யாரோ இப்பதான் தலைக்குக் குளிச்ச மாதிரி வாசனை அடிக்குது. எனக்குக் குமட்டுது. நான் இதுல ஏறல."

அவன் முகர்ந்தான். அவள் சொன்னது சரிதான். ஈரக் கூந்தலின் வாடை, பக்கத்து இருக்கையில் மட்டும். ஏறாதே என்று மகளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அவள் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருவரும் ஊரைச் சுற்றினார்கள். அந்த மூன்று வாரமும் வண்டிக்குள் பின்பக்க ரோட்டைப் பார்ப்பதற்கான கண்ணாடி அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவன் வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். எதிரே உட்காருபவரின் கண்மணி எந்த உயரத்தில் இருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் அளந்து லென்ஸில் புள்ளி வைப்பது. ஒரு கண்ணாடி எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தால் யார் எதைப் பார்ப்பார்கள் என்பது அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒவ்வொரு நாள் காலையும் வீட்டு ஷெட்டைத் திறந்து வண்டியில் ஏறும்போது, முந்தின நாள் அவன் தனக்குச் சரிசெய்து வைத்த கண்ணாடி இடப்பக்கமாகத் திரும்பியிருந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் திருகைக் குறடு வைத்து இறுக்கினான். மறுநாள் மறுபடி திரும்பியிருந்தது. நாலாவது நாள் அவன் பக்கத்து இருக்கையின் மேல் சாய்ந்து, அந்தப் பள்ளத்துக்கு நேராகத் தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தான். கண்ணாடியில் பின்பக்க ரோடு தெரியவில்லை. ஓட்டுபவரின் முகம் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்தது. யாரோ தங்கள் கண் உயரத்துக்கு ஏற்ப, ஓட்டுகிறவனைப் பார்த்துக்கொண்டே வருவதற்காக அதைத் திருப்பி வைத்திருந்தார்கள்.

சத்தமும் இருந்தது. தனியாக ஓட்டும்போது, பக்கத்தில் தோல் நெரியும் மெல்லிய முனகல். ஆள் உட்கார்ந்து உடம்பை ஒருபக்கம் சாய்த்தால் வரும் சத்தம். வண்டி குலுங்குவதால் என்று அவன் தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் அது வளைவில் வரவில்லை. வளைவுக்குச் சற்று முன்னால் வந்தது. பாதையைத் தெரிந்த யாரோ தயாராகிக்கொள்வதுபோல.

கடைக்கு வாடிக்கையாக வரும் ஒரு பெரியவர் ஃப்ரேம் மாற்ற வந்தார். மூக்கில் ஃப்ரேமை வைத்துக்கொண்டே, "பொண்ணு எத்தனாவது படிக்குது?" என்று கேட்டார்.

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். இரண்டா, மூன்றா? ஸ்கூலின் கேட் ஞாபகம் வந்தது, கேட்டின் நிறம் ஞாபகம் வந்தது. அதற்குள்ளிருந்து யார் வருவார்கள் என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருந்தது.

"மூணாவதுங்க" என்றான் குத்துமதிப்பாக.

அந்த வாரமே இரண்டு முறை அவளை ஸ்கூலிலிருந்து கூட்டிவர மறந்தான். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு வைத்தான். "எனக்கு?" என்று கேட்ட குரல் எங்கிருந்து வருகிறது என்று சுற்றிப் பார்த்தான். அவள் அவன் எதிரிலேயே நின்றிருந்தாள். மனைவி சிரிக்கவில்லை. "டாக்டரைப் பாருங்க. விளையாட்டில்ல" என்றாள். மகள் அன்றிரவு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, என்மேல கோவமா?" என்று கேட்டாள். கோபமில்லை என்று அவள் நெற்றியில் முத்தம் வைத்தான். உலகத்தில் அவனுக்கு இழக்கக்கூடாதது என்று ஒன்று இருந்தால் அது இவள்தான், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும், விளக்கை அணைத்து அறையைவிட்டு வெளியே வந்ததும், உள்ளே எதற்குப் போனோம் என்று அவனுக்கு ஞாபகமில்லை.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தைய சொந்தக்காரர்களை எல்லாம் தேடிப்பிடித்துப் பேசி, வண்டியின் ஜாதகத்தை எழுதிவைப்பது. எண்ணெய் எப்போது மாற்றினார்கள், எங்கே இடித்தார்கள், ஏன் விற்றார்கள். அவனும் அதைத்தான் செய்தான். சர்வீஸ் புத்தகத்தில் மருந்துக்கடைக்காரருக்கு முன்னால் இரண்டு பேர்: நிலம் அளக்கும் சர்வேயர் ஒருவர், நீச்சல் பயிற்சியாளர் ஒருவர். இரண்டு பேரும் சந்தோஷமாகப் பேசினார்கள். கியர் பெட்டியைப் பற்றி, துருவைப் பற்றி. கடைசியில், பக்கத்து இருக்கை ஏன் இப்படித் தேய்ந்திருக்கிறது என்று கேட்டபோது இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்.

"நான் தனி ஆள்தாங்க."

சர்வேயர் ஒரு பழைய போட்டோவை அனுப்பிவைத்தார். வண்டி வாங்கிய முதல் நாள் எடுத்ததாம். பச்சை பளபளக்கிற வண்டிக்குப் பக்கத்தில், மீசையை முறுக்கிவிட்ட இளம் சர்வேயர். அவர் கையோடு கை கோத்து, தோளில் கன்னத்தைச் சாய்த்துச் சிரிக்கிறாள் ஒரு பெண். அவன் உடனே போன் செய்தான்.

"போட்டோல உங்க பக்கத்துல யாருங்க?"

"எங்க?" சர்வேயர் தன்னிடம் இருந்த பிரதியை எடுத்துப் பார்த்தார். "அட, ஆமா. யாரோ நிக்கிறாங்க. தெரியலீங்களே. அந்த வழியாப் போனவங்களா இருக்கும்."

மறுநாள் மதியம் கடைக்கு ஒரு போன் வந்தது. வயதான பெண் குரல், தாழ்ந்து பேசியது. நீச்சல் பயிற்சியாளரின் அம்மா.

"தம்பி, என் மகன்கிட்ட அந்தப் பச்சை வண்டியப் பத்திக் கேட்டீங்களாமே. இனி அவன்கிட்ட கேக்காதீங்க. என்கிட்ட கேளுங்க. எனக்கு ரெண்டு பசங்க. சின்னவனுக்கு இருபத்திரண்டு வயசு. அண்ணனும் தம்பியும் தினம் காலைல அதுலதான் நீச்சல் குளத்துக்குப் போவாங்க. ஒருநாள் பெரியவன் மட்டும் வந்தான். தம்பி எங்கடான்னு கேட்டேன். எந்தத் தம்பின்னு கேட்டான். நடிக்கலங்க. பெத்தவளுக்குத் தெரியாதா? நிஜமாவே கேட்டான்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் அந்த வண்டில ஒருநாளும் ஏறினதில்ல. அதனாலதான் எனக்கு ஞாபகம் இருக்குன்னு நினைக்கிறேன். உங்க வீட்டுல யாராவது அதுல வர்றாங்களா?"

அவன் ரிசீவரை வைத்தான். எதிரே அளவுக்காக உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டுக் கடையைவிட்டு இறங்கி நடந்தான்.

வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனான். எனக்கு ஒரு மகள். எட்டு வயது. பல் விழுந்திருக்கிறது. எனக்கு ஒரு மகள். பழைய இரும்பு எடுப்பவருக்குப் போன் செய்து, காலையில் வந்து வண்டியைத் தூக்கிப்போகச் சொன்னான். "விக்கிறதுக்கில்ல. நசுக்கிடணும். என் கண்ணு முன்னாடி." உங்களுக்கென்ன பைத்தியமா என்பதுபோல் அவர் சிரித்துவிட்டு, சரி என்றார்.

காலைவரை காத்திருக்கவும் அவனுக்குப் பயம். வண்டி வெறும் வண்டிதான், வினை அந்த இருக்கையில் இருக்கிறது என்று ஒரு மெக்கானிக் புத்தி அவனுக்குள் கணக்குப் போட்டது. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றிவிட்டால் மீதி பிழைக்கும். இத்தனை வருடமும் அவன் வண்டிகளை அப்படித்தான் காப்பாற்றியிருக்கிறான். நான்கு போல்ட். ஸ்பேனரை வைத்து அழுத்தியதும், ஒருநாளும் கழற்றப்படாத அந்த போல்ட்டுகள் முந்தாநாள் எண்ணெய் போட்டதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தன. இருக்கையைத் தூக்கினான். அதில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் கனம் இருந்தது. நெஞ்சோடு அணைத்து, மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போய், வீட்டின் பின்பக்கச் சாமான் அறையில் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்து, கதவைச் சாத்தினான். ஈரக் கூந்தலின் வாடை சட்டையில் ஒட்டிக்கொண்டது. சோப்புப் போட்டு இரண்டு முறை கையைக் கழுவினான்.

மகளை ஸ்கூலிலிருந்து நேரத்துக்குப் போய்க் கூட்டிவந்தான். நடந்தே போனான், நடந்தே வந்தார்கள். அவள் கையை விடவே இல்லை. எத்தனாவது படிக்கிறாள் என்று அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டான். மூணாவது. குத்துமதிப்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்தச் சின்ன விஷயத்துக்கு அவனுக்கு அழுகை வந்தது. அவள் ஹாலில் பையைப் போட்டுவிட்டு ஷூவைக் கழற்ற உட்கார்ந்தாள். அவன் பால் சூடாக்கச் சமையலறைக்குள் போனான். வெளியே வானம் கறுத்து, நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருந்தது. பால் பொங்கி வரும் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது.

தோல் நெரியும் சத்தம்.

அடுப்பை அணைத்தான். வீடு அமைதியாக இருந்தது. மறுபடியும் கேட்டது. ஒருபக்கம் சாய்கிற முனகல். பிறகு மறுபக்கம்.

"பாப்பா?"

ஹாலில் பை இருந்தது. ஒற்றை ஷூ இருந்தது.

சாமான் அறைக் கதவு திறந்திருந்தது. சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்த இருக்கை இப்போது வாசலைப் பார்த்திருந்தது. அதில் அவள். பள்ளத்தில் இடுப்பு வரை புதைந்து, கைகளை மடியில் வைத்து, எதிரே இல்லாத ஒரு ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறையில் எதுவும் அசையவில்லை. அவள் மட்டும் அசைந்தாள். மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தாள், நிமிர்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். ஓடுகிற வண்டியில் வளைவுக்கு வளைவு உடம்பு சாய்வதுபோல. நெற்றி மயிர் காற்றில் பறந்தது. ஜன்னல் இல்லாத அறையில் காற்று.

"எறங்கு."

"முடியல அப்பா. வேகமாப் போறீங்க."

"நான் இங்க இருக்கேன். எறங்கு, கண்ணு."

"நீங்கதான் ஓட்டுறீங்க" என்றாள். அவளுக்கு வலப்பக்கம் இருந்த வெறும் காற்றைப் பார்த்துச் சொன்னாள்.

பாய்ந்தான். இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்தான். இழுத்தான். தோல் அவளை விடவில்லை. சேற்றிலிருந்து இழுப்பதுபோல் இழுத்தான். ஏதோ கிழிந்தது. வந்துவிட்டாள். தூக்கினான். ஓடினான். ஹால். வாசற்படி. முற்றம். மழையின் முதல் துளிகள். அவள் கைகள் அவன் கழுத்தில். மூச்சு காதில். சூடாக. இருக்கிறாள். இருக்கிறாள். எனக்கு ஒரு மகள். எட்டு வயது. எனக்கு ஒரு. கழுத்தில் கனம். கொஞ்சம் கனம். எட்டு வயது. எது எட்டு வயது. விடாதே. எதை. கெட்டியாகப் பிடி. எதை.

மழை பெய்துகொண்டிருந்தது. அவன் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தான். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் வளைத்து, எதையோ தாங்கிப்பிடிப்பதுபோல் வைத்திருந்தான். கைகளுக்குள் ஒன்றுமில்லை. முழங்கை வலித்தது. எவ்வளவு நேரமாக இப்படி நிற்கிறோம் என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. மழை என்று துடைத்துக்கொண்டான். நெஞ்சில் இத்தனை நாளாக இருந்த பயம் ஒன்று, எதைப் பற்றியது என்று தெரியாமலே விட்டுப்போயிருந்தது. லேசாக இருந்தது.

சாமான் அறையில் பச்சை வண்டியின் இருக்கை ஏன் கிடக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. தூக்கிப் பார்த்தான், முன்பைவிடக் கனமாகத் தோன்றியது. ஷெட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி நான்கு போல்ட்டுகளையும் இறுக்கிக் கதவைச் சாத்தினான். போனில் பழைய இரும்பு எடுப்பவரின் எண் இருந்தது. இந்த மாதிரி வண்டியை யாராவது நசுக்கக் கொடுப்பார்களா? கூப்பிட்டு, காலையில் வர வேண்டாம் என்று சொன்னான். நாளை வானம் வெளுத்தால் ஒரு சுற்றுப் போய்வரலாம்.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சத்தம் கேட்டது. அவள் ஓட்டும் சம்சாரியின் கதவு. வீட்டுக்குள் அவள் யாரையோ கூப்பிடுகிறாள். ஒரு அறை, இன்னொரு அறை, மாடிப்படி. குரல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே ஏறியது. ஷெட் வாசலில் வந்து நின்றபோது அவள் கையில் ஒரு சின்ன ஷூ இருந்தது.

"பாப்பா எங்கங்க?"

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் ஏதோ குழந்தையைக் காணவில்லை போலிருக்கிறது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான், ஆனால் கையெல்லாம் கிரீஸ். துணியை எடுத்துத் துடைத்தான். அப்போதுதான் வண்டியின் பக்கத்து இருக்கை ஜன்னல் கண்ணாடியில் அழுக்கு இருப்பதைக் கவனித்தான். கீழ்ப்பக்கத்தில், ஐந்து விரல்களும் விரிந்த சிறிய உள்ளங்கைத் தடம்.

துணியால் துடைத்தான். போகவில்லை. உள்பக்கமாக இருந்தது. கதவைத் திறந்தான். இருக்கை காலியாக இருந்தது, பள்ளம் மட்டும் இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தது. உள்பக்கத்தைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். தடம் மறுபடி வந்தது. இப்போது இரண்டு கைகள்.

அவன் தோளுக்குப் பின்னால் வந்து நின்ற மனைவி அதைப் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்துக்கு அழுகை என்றோ கத்தல் என்றோ பெயர் சொல்ல முடியாது. கையிலிருந்த ஷூ கீழே விழுந்தது. அவள் கதவைப் பிய்த்துத் திறந்து, காலி இருக்கையைக் கைகளால் துழாவினாள், கதவைச் சாத்தினாள், மறுபடி திறந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஈரம்தான்" என்றான் அவன். "காலைல காஞ்சிடும்."

அவளை மெல்ல விலக்கிக் கதவைச் சாத்திவிட்டு, துணியைக் காய்ந்த பக்கம் மடித்துக்கொண்டு, கண்ணாடியை மறுபடி மேலிருந்து கீழாக, நிதானமாக, கோடு விழாமல் துடைக்க ஆரம்பித்தான். துணி போன பக்கமெல்லாம் அந்த இரண்டு சின்னக் கைகளும் உள்ளிருந்து கூடவே போயின.